5டபிள்யூ என்பது எவ்வளவு?

ஒரே எண், இரண்டு நடத்தை

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயிலை மாற்றிய பிறகு வண்டியின் முன்பக்கம் வேறு மாதிரி நடந்துகொள்வதைப் பலரும் கவனித்திருப்பார்கள். முன்பெல்லாம் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் சட்டென்று நிலைக்கு வந்த கைப்பிடி இப்போது சோம்பலாக எழுகிறது. அல்லது நேர்மாறாக, ஒவ்வொரு மேட்டுக்கும் துள்ளுகிறது. கேட்டால், “அதே நம்பர் ஆயில்தான் ஊற்றினேன்” என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது உண்மைதான். பழைய குப்பியிலும் 5டபிள்யூ என்று இருந்தது, புதிய குப்பியிலும் அதே 5டபிள்யூ. மோட்டார் சைக்கிளில் இந்த மாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். மலைச் சரிவில் வேர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே இறங்கும் மவுண்டன் பைக்கில் அப்படி முடியாது. அங்கே முன்சக்கரம் தரையோடு ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதை ஃபோர்க்குக்குள் இருக்கும் சில கரண்டி எண்ணெயும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இதோடு பிறந்த இன்னொரு புதிரும் உண்டு. அதே சைக்கிள், அதே எண்ணெய். குளிர்ந்த காலையில் விறைத்திருக்கும் ஃபோர்க் மதியத்தில் இளகிவிடுகிறது. இரண்டு புதிர்களுக்கும் விடை ஒன்றே. குப்பியின் முகப்பில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் எண்ணெயின் குணத்தை அளந்து சொல்லும் எண் அல்ல. அளந்து சொல்லும் எண்கள் வேறு இருக்கின்றன. அவை பெரும்பாலும் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் சிறிய எழுத்தில் கிடக்கின்றன. ஃபோர்க் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது என்றால் அந்தச் சிறிய எண்களைப் படிப்பதுதான். அது ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஸ்ப்ரிங் தருவதும் எண்ணெய் வாங்குவதும்

சைக்கிளுக்கு சஸ்பென்ஷன் வந்த கதை நீண்டதல்ல. மோட்டார் சைக்கிள் பந்தய மெக்கானிக்காக இருந்த பால் டர்னர் என்ற அமெரிக்கர் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 என்ற ஃபோர்க், காற்றையும் எண்ணெயையும் கொண்டு இயங்கியது. 1990-இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் நடந்த உலக மவுண்டன் பைக் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் சரிவுப் பந்தயத்தில் வென்றபோது அவருடைய சைக்கிளில் இருந்தது இந்த ஃபோர்க்தான். அதன் அசைவு சுமார் 5 சென்டிமீட்டர். இன்றைய சரிவுப் பந்தய ஃபோர்க்குகள் 20 சென்டிமீட்டர் வரை அசைகின்றன. அசைவு கூடக்கூட, அதைக் கட்டுப்படுத்தும் எண்ணெயின் பொறுப்பும் கூடிவிட்டது.

ஃபோர்க்குக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளோ அடைத்த காற்றோ நசுங்கி, அந்த ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. அது ஸ்ப்ரிங்கின் வேலை. சேமித்ததை அப்படியே திருப்பித் தருவதும் ஸ்ப்ரிங்கின் இயல்புதான். திருப்பித் தந்தால் கைப்பிடி துள்ளும், சக்கரம் தரையை விட்டு எழும். தரையை விட்ட சக்கரத்தைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஆகவே அந்த ஆற்றலில் ஒரு பங்கை எடுத்து வெப்பமாக்கி வெளியேற்றும் பகுதி ஒன்று தேவை. ஆங்கிலத்தில் டேம்பர் எனப்படும் அதைத் தணிப்பான் என்று அழைப்போம். தணிப்பானுக்குள் எண்ணெய் நிறைந்த ஒரு குழாய், அதற்குள் துளைகளுள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் மேலே வந்தாலும் கீழே போனாலும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டும். பிதுங்கும்போது எழும் உராய்வில் அசைவின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. ஆக, எண்ணெய் இங்கே வெறும் மசகு மட்டுமல்ல; பிஸ்டனைப் போல, ஸ்ப்ரிங்கைப் போல அதுவும் ஒரு பாகம். பிஸ்டனின் அளவை மாற்றினால் ஃபோர்க் மாறும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். எண்ணெயின் குணத்தை மாற்றினாலும் அதே போலத்தான்.

எண்ணெய் எங்கே தடுக்கிறது

எண்ணெயின் எந்தக் குணம் இந்தத் தடையைத் தருகிறது? ஒரு திரவம் ஓடும்போது அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அந்த வழுக்கலுக்கு எதிரான உள் உராய்வைப் பாகுநிலை என்கிறோம், கடைவீதியில் விஸ்காசிட்டி. மெல்லிய குழாய்களில் திரவம் ஓடுவதை 1840-களில் துல்லியமாக அளந்தவர் பிரெஞ்சு மருத்துவர் புவாஸே. மெல்லிய நாளங்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதே அவர் அறிய விரும்பியது. குறுகலான, நீளமான வழியில் திரவம் அமைதியாக ஓடும்போது, பாகுநிலை இரட்டித்தால் தேவைப்படும் அழுத்தமும் இரட்டிக்கிறது. பாடநூல்கள் இதை வரிச்சீர் ஓட்டம் என்கின்றன.

திரவம் வேகமாக ஒரு கூர்மையான துளையைக் கடக்கும்போது நிலைமை மாறுகிறது. ஓட்டம் கலைந்து சுழிகள் உண்டாகின்றன. இது சுழற்சி ஓட்டம். இங்கே தடையைத் தீர்மானிப்பது திரவத்தின் அடர்த்தியும் வேகமும். பாகுநிலையின் பங்கு மிகக் குறைவு. ஃபோர்க் ஆயில்களின் அடர்த்தி பிராண்டுக்கு பிராண்டு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே வேகமான அசைவில் எண்ணெயை மாற்றுவதன் பலன் சிறிது. இதற்கு மேல், பல தணிப்பான்களில் துளைகளின் வாயை மெல்லிய எஃகு வில்லைகள் மூடியிருக்கும். மெக்கானிக்குகள் அவற்றை ஷிம் என்பார்கள். பெரிய அடி விழும்போது அந்த வில்லைகள் வளைந்து வழிவிடுகின்றன. அப்போது தடையைத் தருவது முக்கியமாக எஃகின் விறைப்பு.

இதிலிருந்து கிடைக்கும் முடிவை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். கெட்டியான எண்ணெய் ஃபோர்க்கை எல்லா இடத்திலும் ஒரே அளவு கடினமாக்குவதில்லை. மெதுவான அசைவுகளில்தான் அது அதிகமாகத் தடுக்கிறது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமிழ்வது, வளைவில் உடல் சாய்வது, முக்கியமாக நசுங்கிய ஃபோர்க் மீண்டு எழுவது எல்லாம் மெதுவான அசைவுகள். எண்ணெய் மாற்றியதும் முதலில் வேறுபாடு தெரிவது இந்த மீளெழுச்சியில்தான். பட்டறையில் இதை ரிபவுண்ட் என்கிறார்கள். மீளெழுச்சி மிகவும் தாமதித்தால், அடுத்தடுத்து வரும் கற்களுக்கிடையே ஃபோர்க் முழுதாக நீள நேரமிருக்காது. ஒவ்வொரு அடிக்கும் சற்றுச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் அசைவே மிச்சமில்லாமல் போய்விடும். ஓட்டுபவர் இதை ‘ஸ்ப்ரிங் கடினமாக இருக்கிறது’ என்று தவறாகப் புரிந்துகொண்டு காற்றைக் குறைப்பார். காற்று குறைந்தால் மேலே தள்ளும் விசையும் குறைந்து மீளெழுச்சி இன்னும் தாமதமாகும்.

பாகுநிலைக்கு ஓர் அளவுகோல்

ஓட்டத்தின் தடையை ஒப்பிட சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகு பயன்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்பியலறிஞர் ஜார்ஜ் ஸ்டோக்ஸின் பெயரைத் தாங்கியது இது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தண்ணீர் ஏறக்குறைய 1 சென்டிஸ்டோக்ஸ். 40 டிகிரியில் நம் வீட்டு நல்லெண்ணெய் சுமார் 35. விளக்கெண்ணெய் 250 அளவில் இருக்கும். மவுண்டன் பைக் தணிப்பான்களில் ஊற்றும் எண்ணெய் பெரும்பாலும் இதே வெப்பத்தில் 10-க்கும் 30-க்கும் இடையே இருக்கிறது, அதாவது நல்லெண்ணெயைவிட இளகியது. எண்ணெய் நிறுவனங்கள் வழக்கமாக 40 டிகிரியிலும் 100 டிகிரியிலும் அளந்து இரண்டு எண்களையும் தொழில்நுட்பத் தாளில் தருகின்றன. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் அந்த எண்ணெயின் பாகுநிலையைப் பற்றிப் பெரும்பாலும் எல்லாமே தெரிந்ததாகும்.

‘டபிள்யூ’ எங்கிருந்து வந்தது

அப்படியானால் குப்பியின் மேல் இருக்கும் 5டபிள்யூ, 10டபிள்யூ என்பவை என்ன? இந்த எழுத்து இன்ஜின் ஆயில் உலகிலிருந்து வந்தது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஜே300 என்ற தரவரையறையில், டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. பனியில் உறைந்து நிற்கும் காரை ஸ்டார்ட் செய்யும்போது எண்ணெய் எவ்வளவு இடைஞ்சல் தரும் என்பதைச் சோதித்து அந்த எண்ணைத் தருகிறார்கள். 5டபிள்யூ இன்ஜின் ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 25 டிகிரியிலும் நடக்கிறது. இன்ஜினுக்கு அது பொருத்தமான சோதனை. ஃபோர்க்கோ ஸ்டார்ட் ஆவதும் இல்லை, மைனஸ் 30-இல் யாரும் சரிவில் இறங்குவதும் அரிது.

ஃபோர்க் ஆயிலுக்கு அந்தத் தரவரையறை பொருந்தாது. அதற்கென்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் தனி வரையறையும் இல்லை. எண் என்பது அந்தந்த நிறுவனம் தன் வரிசைக்குள் இளகியது எது, கெட்டியானது எது என்று காட்டுவதற்கு வைத்துக்கொண்ட அடையாளம். ஆகவே ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள் அதற்குப் பொருள் உண்டு: அவர்களுடைய 10டபிள்யூ அவர்களுடைய 5டபிள்யூவைவிடக் கெட்டியாகத்தான் இருக்கும். நிறுவனம் மாறினால் அந்தப் பொருள் போய்விடுகிறது. சந்தையில் 5டபிள்யூ என்ற பெயரில் விற்கும் ஃபோர்க் ஆயில்கள் 40 டிகிரியில் சுமார் 16 சென்டிஸ்டோக்ஸிலிருந்து சுமார் 27 வரை பரவிக் கிடக்கின்றன. கெட்டியானது இளகியதைவிட எழுபது சதவீதத்துக்கு நெருக்கமாக அதிகம். ஆயில் மாற்றியதும் வண்டி மாறிப்போன புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. குப்பிதான் முழு உண்மையைச் சொல்லவில்லை.

மூன்று குப்பிகள்: ஒரு கணக்கு

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஃபோர்க்கின் கையேடு, தணிப்பானுக்கு 40 டிகிரியில் 16 சென்டிஸ்டோக்ஸ் எண்ணெய் வேண்டும் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசைமேல் மூன்று குப்பிகள். மூன்றிலும் 5டபிள்யூ என்றே எழுதியிருக்கிறது. தொழில்நுட்பத் தாள்களைப் பார்க்கிறோம். முதல் குப்பி 40 டிகிரியில் 27, 100 டிகிரியில் 5.2. இரண்டாவது 16, 3.6. மூன்றாவது 16, 6. கணக்கிற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஆனால் இந்த எல்லைக்குள் அமையும் எண்ணெய்கள் கடையில் கிடைப்பவையே.

முதல் குப்பியை உடனே ஒதுக்கிவிடலாம். 40 டிகிரியிலேயே அது கேட்டதைவிட மிகக் கெட்டி. இரண்டாவதும் மூன்றாவதும் 40 டிகிரியில் ஒன்றேபோல் இருக்கின்றன. வேறுபாடு 100 டிகிரி எண்ணில்தான். சூடாக்கியபோது இரண்டாவது 3.6 வரை இளகிவிட்டது. மூன்றாவது 6-இல் நின்றுகொண்டது. அதாவது வெப்பத்துக்கு மூன்றாவது குறைவாகவே வளைந்து கொடுக்கிறது. இந்தப் பிடிவாதத்தை ஓர் எண்ணாக்கித் தருவதுதான் பாகுநிலைக் குறியீடு. 1929-இல் டீன், டேவிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை முன்வைத்தார்கள். வெப்பத்துக்கு அதிகம் மாறாத பென்சில்வேனியா கச்சா எண்ணெயில் கிடைத்த மசகுகளுக்கு 100 என்றும், அதிகம் மாறும் மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய் மசகுகளுக்கு 0 என்றும் வைத்தார்கள். அந்த அளவுகோலில் நம் இரண்டாவது குப்பி 100-ஐ ஒட்டி வரும். மூன்றாவது 390-ஐ ஒட்டி வரும். அன்றைய அளவுகோலின் உச்சியைச் செயற்கை எண்ணெய்களும் பாலிமர் சேர்க்கைகளும் எப்போதோ தாண்டிவிட்டன.

100 டிகிரியில் ஃபோர்க் ஓடாது, அதனால் நமக்கு என்ன என்று தோன்றலாம். இரண்டு புள்ளிகள் தெரிந்தால் இடையிலும் அப்பாலும் உள்ள வெப்பங்களுக்குக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அதற்கு எண்ணெய்ப் பொறியாளர்களிடம் நெடுநாளாக ஒரு வழிமுறை இருக்கிறது. அதன்படி, 25 டிகிரியில் இரண்டாவது குப்பி சுமார் 29, மூன்றாவது சுமார் 22.5. 10 டிகிரியில் இரண்டாவது சுமார் 60, மூன்றாவது சுமார் 33. அதே 10 டிகிரியில் முதல் குப்பி சுமார் 115-ஐ எட்டிவிடும். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் மலைச்சரிவில் உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடந்ததுண்டு. கோடையிலும் அங்கே 10 டிகிரிக் காலை புதிதல்ல. 25 டிகிரிப் பட்டறையில் ஃபோர்க்கைச் சரிசெய்யும் திருகுகளைத் திருப்பி மீளெழுச்சியைச் சரியாக வைத்துக்கொண்டு ஒருவர் அங்கே போகிறார். இரண்டாவது குப்பி உள்ளே இருந்தால் பாகுநிலை இருமடங்கைத் தாண்டும். மூன்றாவது இருந்தால் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. இறங்க இறங்க எண்ணெய் சூடாகும்போது இந்த நாடகம் எதிர்த்திசையில் நடக்கும். அப்போதும் குறைவாக மாறுவது மூன்றாவது குப்பிதான்.

இந்தக் கணக்கு தமிழ்நாட்டில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறது. 40 டிகிரி என்பது சோதனைக்கூடம் தேர்ந்தெடுத்த வெப்பம். வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மதியத்தில் அது வெளிக்காற்றின் வெப்பம். இதமான 25 டிகிரியில் சரியாக இருந்த திருகு நிலை, இரண்டாவது குப்பியோடு அந்த மதியத்தில் ஏறக்குறையப் பாதித் தடையோடு வேலை செய்யும். அதே சைக்கிளை ஜனவரிக் காலையில் ஊட்டிக்கு ஏற்றிச் சென்றால் எண்ணெய் பல மடங்கு கெட்டியாகும். ஒரே மாநிலத்துக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது பாகுநிலைக் குறியீடு பந்தய வீரர்களின் கவலை மட்டுமல்ல.

குளிரில் விறைப்பதற்கு வேறு காரணம் இல்லையா?

காலையில் ஃபோர்க் விறைப்பதற்கு எண்ணெயை மட்டும் குறை சொல்வது நியாயமா என்று கேட்கலாம். காற்று ஸ்ப்ரிங்கின் அழுத்தமும் குளிரில் குறைகிறதே. உண்மைதான், ஆனால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 25 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால் அடைபட்ட காற்றின் மொத்த அழுத்தம் சுமார் 5 சதவீதம் குறையும். அதே இறக்கத்தில் இரண்டாவது குப்பியின் பாகுநிலை நூறு சதவீதத்துக்கும் மேல் கூடியது. ஐந்தும் நூறும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. மேலும் அழுத்தம் குறைந்தால் ஃபோர்க் எளிதாக நசுங்க வேண்டும்; விறைக்கக் கூடாது. ரப்பர் சீல்களும் மசகுக் கிரீஸும் குளிரில் இறுகுவது மெய். அவை முதல் சில மில்லிமீட்டர் அசைவில் கூடுதல் பிடிப்பைத் தருகின்றன. ஆனால் அசையத் தொடங்கிய பிறகு மீண்டெழும் வேகம் தாமதிப்பதற்கு முதன்மைக் காரணம் எண்ணெய்தான்.

குறியீடு உயர்ந்தால் போதுமா?

அப்படியானால் பாகுநிலைக் குறியீடு மிக உயர்ந்த எண்ணெயை வாங்கிவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. குறியீட்டை உயர்த்த ஒரு வழி, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை எண்ணெயில் கலப்பது. பிஸ்டனின் நுண்ணிய இடைவெளிகளில் ஆயிரக்கணக்கான முறை பிதுங்கும்போது அந்தச் சங்கிலிகளில் சில அறுந்துபோகின்றன. அறுந்த பிறகு எண்ணெய் மெல்ல மெல்ல இளகிவிடும், குறியீடும் இறங்கும். சேர்க்கையை மட்டுமே நம்பாமல், அடிப்படை எண்ணெயையே நன்றாகத் தேர்ந்து, எளிதில் அறுந்துபோகாத பாலிமர்ச் சங்கிலிகளைப் பயன்படுத்துவது எண்ணெய் செய்பவரின் திறமை. ஆகவே உயர்ந்த குறியீடு நல்லதுதான். அதன் பலன் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுபவருக்கே முழுதாகக் கிடைக்கும். கையேடுகள் தணிப்பானுக்கு நூறு, இருநூறு மணி நேர ஓட்டம் என்று கெடு வைப்பதை வெறும் விற்பனைத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது.

எண்ணெயிடம் எதிர்பார்க்கும் இன்னொரு குணம் நுரைக்காமல் இருப்பது. எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருக்கும் தணிப்பான்களில் வேகமான அசைவு இரண்டையும் கடைந்துவிடும். நுரை நசுங்கக்கூடியது, எண்ணெய் நசுங்காதது. நுரை கலந்த எண்ணெய் துளைக்குள் நுழையும்போது தடை விட்டுவிட்டு வரும். இறக்கத்தின் நடுவில் தணிப்பு மறைந்துவிட்டதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். ஃபோர்க் ஆயில்களில் நுரையடக்கிச் சேர்க்கைகள் இருப்பதும், புதிய தணிப்பான்களில் காற்றைப் பிரிக்க ரப்பர் பையோ மிதக்கும் பிஸ்டனோ வைப்பதும் இதற்காகத்தான்.

ஒரே ஃபோர்க்குக்குள் இரண்டு எண்ணெய்கள்

இதுவரை பேசியது தணிப்பானுக்குள் இருக்கும் எண்ணெயைப் பற்றி. இன்றைய பெரும்பாலான ஃபோர்க்குகளில் இன்னொரு எண்ணெயும் இருக்கிறது. குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். வழுவழுப்பான மேல்குழாய்கள் கீழ்க்கால்களுக்குள் சறுக்குகின்றன. அவற்றைத் தாங்கும் புஷ்களுக்கும், தூசியைத் துடைக்கும் சீல்களுக்கும், சீலின் கீழே இருக்கும் நுரைவளையங்களுக்கும் மசகு தேவை. அதற்காகக் கீழ்க்கால்களில் சில மில்லிலிட்டர் எண்ணெய் தனியாக ஊற்றப்படுகிறது. இந்த எண்ணெய் எந்தத் துளையிலும் பிதுங்குவதில்லை. தணிப்போடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. அதன் வேலை உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு, சக்கரம் பக்கவாட்டில் அழுத்தும்போதும் கிழியாமல் நிற்பது. ஆகவே அது கெட்டியாக இருப்பதே பொருத்தம். ஃபாக்ஸ் நிறுவனம் இதற்கு 20 என்று எண்ணிட்ட ஓர் எண்ணெயைச் சொல்கிறது. ராக்‌ஷாக்ஸ் தன் பல ஃபோர்க்குகளுக்கு 0டபிள்யூ-30 வகையைச் சொல்கிறது.

இரண்டையும் மாற்றி ஊற்றினால் என்ன ஆகும்? கீழ்க்கால் எண்ணெயைத் தணிப்பானில் ஊற்றினால் ஃபோர்க் எழவே தயங்கும். இதை உடனே கண்டுபிடித்துவிடலாம். தணிப்பான் எண்ணெயைக் கீழ்க்கால்களில் ஊற்றினால் முதலில் எல்லாம் நன்றாகவே தோன்றும். பிறகு மெல்லிய படலம் எளிதில் வழிந்து, புஷ்கள் தேயத் தொடங்கும். தேய்ந்த புஷ் மேல்குழாயின் பூச்சைச் சுரண்டிவிட்டால், சில மில்லிலிட்டர் எண்ணெயில் செய்த தவறு விலையுயர்ந்த பாகத்தை வாங்க வைத்துவிடும். இரண்டாவது தவறு மௌனமாக நடப்பதால் அதுவே அதிக ஆபத்தானது.

அளவும் ஒரு தேர்வுதான்

பழைய ஃபோர்க்குகளில், குறிப்பாக 1990-களின் பிற்பாதியில் புகழ்பெற்ற மார்ஸோக்கி பாம்பர் போன்றவற்றில், ஒரே எண்ணெய்க் குளியல் தணிப்பு, மசகு இரண்டையும் பார்த்துக்கொண்டது. அங்கே எண்ணெயின் குணத்தோடு அளவும் முக்கியம். எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்று, ஃபோர்க் நசுங்கும்போது தானும் நசுங்கி, அசைவின் கடைசிப் பகுதியில் கூடுதல் ஸ்ப்ரிங்காகச் செயல்படும். குழாயின் உள்விட்டம் 28 மில்லிமீட்டர் என்றால், 10 மில்லிலிட்டர் எண்ணெய் மட்டத்தை 16 மில்லிமீட்டர் உயர்த்திவிடும். அவ்வளவு காற்று இடம் போய்விடுகிறது. ஆகவே அதிகம் ஊற்றினால் ஃபோர்க் முழு அசைவைத் தராது. சீல்களின் மேல் அழுத்தமும் ஏறும். ‘கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்’ என்ற நல்லெண்ணம் இங்கே தீங்காக முடியும். அளவுக்குப்பியோ சிரிஞ்சோ இல்லாமல் ஃபோர்க்கைத் திறக்கக் கூடாது.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: சரிசெய்யத் திருகு இருக்கும்போது எண்ணெயைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? திருகு ஓர் ஊசியை நகர்த்தி ஒரே ஒரு வழியைத் திறந்து மூடுகிறது. மற்ற துளைகளும் வில்லைகளும் அந்தத் திருகுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. எண்ணெய் மிகவும் கெட்டியானால் ஊசியை முழுதும் திறந்த பிறகும் ஃபோர்க் தாமதிக்கும். திருகுக்கு இருபுறமும் இடம் மிச்சமிருக்கும்படி எண்ணெயைத் தேர்ந்தெடுத்தால்தான் திருகு பயன்படும்.

இரண்டாவது மறுப்பு: மோட்டார் சைக்கிள்களில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை ஊற்றி ஆண்டுக்கணக்காக ஓட்டுகிறார்களே? ஓட்டுகிறார்கள், அதில் மர்மமில்லை. அந்த எண்ணெய்களில் பல 40 டிகிரியில் 30 முதல் 35 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கின்றன. பல மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குகள் கேட்பதும் ஏறக்குறைய அதுவே. அவர்கள் எண்ணெயின் பெயரை மீறி, பாகுநிலையில் சரியாகத் தேர்ந்திருக்கிறார்கள். இது என் வாதத்துக்கு எதிரான சான்று அல்ல, ஆதரவான சான்று. அதே எண்ணெயை 16 கேட்கும் மவுண்டன் பைக் தணிப்பானில் ஊற்றினால் இருமடங்கு பாகுநிலை வந்துவிடும். பெட்ரோலிய எண்ணெயே அல்லாத பிரேக் திரவத்தை ஊற்றுவதோ சீல்களையே கெடுத்துவிடும்.

மூன்றாவது மறுப்பே வலுவானது: ஃபோர்க் செய்த நிறுவனம் சொல்லும் எண்ணெயை மட்டும் வாங்கினால் போதுமே, இந்த ஆராய்ச்சி எதற்கு? முழுதும் ஒப்புக்கொள்கிறேன். துளைகளையும் வில்லைகளையும் அந்த எண்ணெயை வைத்துத்தான் வடிவமைத்தார்கள். கிடைக்கும்போது அதையே வாங்க வேண்டும். ஆனால் எல்லா ஊரிலும் அது கிடைப்பதில்லை. சில எண்ணெய்கள் தயாரிப்பிலிருந்தே நின்றுபோகின்றன. மேலும் நிறுவனங்கள் சராசரி எடையுள்ள ஒருவரை மனத்தில் வைத்தே அமைக்கின்றன. மிகவும் எடை குறைந்த ஒருவர் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டும்போது, திருகை முழுதும் திறந்தும் ஃபோர்க் தாமதமாக எழுந்தால், சற்று இளகிய எண்ணெய் அவருக்கு உண்மையான தீர்வு. அப்போது ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் இரண்டைக் கலப்பதும் ஏற்கத்தக்கதே. 16-ஐயும் 27-ஐயும் சம அளவில் கலந்தால் 20-க்கும் 21-க்கும் இடையே வரும். மிகக் கனமானவருக்கோ எண்ணெயைக் கெட்டியாக்குவதைவிட வில்லைகளை மாற்றுவதே முறை. கெட்டியான எண்ணெய் குளிரில் அவரைக் கைவிடும்.

வாங்கும்போது

ஆகவே வரிசை இதுதான். முதலில் கையேட்டைத் திறந்து, தணிப்பானுக்கு எந்த எண்ணெய், கீழ்க்கால்களுக்கு எந்த எண்ணெய், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிலிட்டர் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதன் தொழில்நுட்பத் தாளில் 40 டிகிரி பாகுநிலையைப் பாருங்கள். மாற்று எண்ணெயின் எண் அதற்கு ஒன்றிரண்டு சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கட்டும். அடுத்து பாகுநிலைக் குறியீடு: ஒன்றேபோல் இருக்கும் இரண்டில் குறியீடு உயர்ந்ததை எடுங்கள். டபிள்யூ எண்ணைக் கடைசியாகப் பாருங்கள், பார்க்காவிட்டாலும் இழப்பில்லை. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

எண்ணெய் விற்கும் நிறுவனங்களிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 40 டிகிரி பாகுநிலையையும் பாகுநிலைக் குறியீட்டையும் அவை அளந்தே வைத்திருக்கின்றன. அந்த இரண்டு எண்களையும் குப்பியின் முகப்பில் அச்சடிக்க ஒரு வரி இடம் போதும். வாங்குபவர்கள் தொடர்ந்து கேட்டால் அச்சடிப்பார்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது “5டபிள்யூ இருக்கிறதா?” என்று கேட்காமல், “40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ்?” என்று கேளுங்கள்.